விமானிகளின் முறையீடும் முத்துக்குளிப்பின் நீதியும்

விமானம் ஓட்டுவோருக்கும் குறை உண்டோ என்று மேல்வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் என்னை வினவினான். மாதந்தோறும் இலட்சக்கணக்கில் சம்பளம் பெறுவோர் சங்கம் கூட்டி முறையிடுவதும் நீதிமன்றம் ஏறுவதும் அவனுக்கு விந்தையாகத் தோன்றின. அவ்வையம் அவன் ஒருவனுக்கே உரியதன்று. ஆசிரியர் அறையிலும் அதே பேச்சு எழக் கேட்டிருக்கிறேன். ஆதலின் அதனைச் சற்று விரித்து நோக்குதல் தகும்.

வானூர்திச் செய்தி மன்னாருக்குத் தொலைவான செய்தி என்று எண்ணற்க. ஒரு காலத்தில் நம்மவர் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கித் தமிழகம் சென்றனர். 1964 ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அவ்வழி முடிந்தது. இன்று வடபுலத்தார் பலாலிக்குச் சென்று விமானம் ஏறுகின்றனர். சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 2024 செப்டெம்பர் முதலாந் திகதி சேவை தொடங்கிய இண்டிகோ நிறுவனமே இந்தியாவின் மிகப் பெரிய விமான நிறுவனம். அந்நாட்டின் உள்நாட்டுப் பயணிகளில் நூற்றுக்கு அறுபதின்மருக்கு மேல் அதனையே நாடுகின்றனர். அதன் விமானிகளின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

கொரோனாத் தொற்று விமானங்களைத் தரையில் நிறுத்தியபோது, 2020 ஆம் ஆண்டில், அந்நிறுவனம் விமானிகளின் சம்பளத்தில் 30 விழுக்காடு வரை குறைத்தது. நட்டம் வந்த காலத்தில் அனைவரும் அதனைத் தாங்க வேண்டும் என்பது அன்று கூறப்பட்ட நியாயம். அந்த நியாயத்தை முற்றாக மறுக்க இயலாது. 2020-21 நிதியாண்டில் நிறுவனத்தின் நட்டம் 5,806 கோடி இந்திய ரூபா. பின்னர் வானம் தெளிந்தது. 2023-24 இல் இலாபம் 8,172 கோடி. 2024-25 இல் 7,258 கோடி. ஆனால் சம்பளக் குறைப்பு ஒரே ஆணையில் வந்தது. அதனை மீட்பதோ தவணை தவணையாக நிகழ்ந்தது. 2022 ஏப்பிரலில் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தம் செய்தனர் என்ற காரணத்தால் விமானிகள் சிலர் பணியிடை நிறுத்தம் செய்யப்பட்டதும் அக்காலத்திலேதான்.

பொருட்குறையைக் காட்டிலும் பெரியது ஓய்வின் குறை. இந்திய விமானப் போக்குவரத்து ஆணையகம் 2024 சனவரியில் புதிய பணிநேர விதிகளை வெளியிட்டது. வாராந்த ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவில் தரையிறங்கும் தடவைகள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. துயில் நீங்காத கண்ணோடு நூற்றெண்பது உயிர்களைத் தரையிறக்கலாகாது என்பதே அவ்விதிகளின் கருத்து. விமானிகளின் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்ற பின்னரே அவை இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. இரண்டாங் கட்டம் 2025 நவம்பர் முதலாந் திகதி தொடங்கியது. அதற்கு ஆயத்தமாகுமாறு நிறுவனங்களுக்கு ஏறத்தாழ ஈராண்டு அவகாசம் இருந்தது. இருந்தும் டிசம்பர் 3 முதல் 5 வரையான மூன்றே நாளில் இண்டிகோவின் 2,507 பயணங்கள் இரத்தாயின. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் விமான நிலையங்களில் தவித்தனர். ஆட்சேர்ப்பையும் சம்பள உயர்வையும் நிறுத்தி வைத்தமையே இதற்குக் காரணம் என்று விமானிகள் கூட்டமைப்பு குற்றஞ்சாட்டியது. அரசு செய்தது யாது? இரவுப்பணி விதிகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பெப்ரவரி 10 வரை விலக்களித்தது. பிறகு 22 கோடி ரூபா அளவில் தண்டம் விதித்தது. ஏழாயிரங் கோடி இலாபத்தின் முன் அத்தண்டம் எம்மட்டு என்பதை வாசகரே கணக்கிடலாம்.

பிடிக்காவிடின் வேறிடம் போகலாமே என்பார் உளர். எளிதிற் போக இயலாது. 2017 ஆம் ஆண்டில் அதே ஆணையகம், தலைமை விமானி விலகுவதாயின் ஓராண்டும் துணைவிமானி விலகுவதாயின் ஆறு மாதமும் முன்னறிவித்தல் தர வேண்டும் என்று விதித்தது. பயணங்கள் திடீரென இரத்தாவதைத் தடுப்பதே அதன் நோக்கம் எனப்பட்டது. ஆயினும் விளைவு யாது? தொழிலாளி ஓராண்டுக்குக் கட்டுண்டவன். நிறுவனமோ சம்பளத்தின் வடிவையே மாற்றிப் புதிய ஒப்பந்தத்தை நீட்ட வல்லது. விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணையுமுன் அதுவே நிகழ்ந்தது. மாதத்தில் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த சம்பளம் புதிய ஒப்பந்தத்தில் 40 மணிக்கு உரியதாகச் சுருங்கியது. 2024 மார்ச்சு இறுதியிலும் ஏப்பிரற் தொடக்கத்திலும் விமானிகள் பலர் உடல்நலமில்லை என்று விடுப்பெடுத்தனர். நூற்றுக்கு மேற்பட்ட பயணங்கள் தடைப்பட்டன.

மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நடுவுநிலைமையாகாது. விமானத் தொழில் நிலையற்ற தொழில். எரிபொருள் விலையும் நாணய மாற்றும் ஒரே காலாண்டில் இலாபத்தை நட்டமாக்கவல்லன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்பிரலிலும் கோ பர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறத்தலை நிறுத்தின. கையிருப்பின்றி ஒரு நிறுவனம் இருத்தல் கூடாது என்ற வாதம் வலியுடையதே. ஆனால் அவ்வாதம் கையிருப்பு எவ்வளவு, பங்கு எவ்வளவு என்பதை வரையறுக்கவில்லை. வரையறை இல்லாவிடத்து வலியவன் சொல்வதே கணக்கு.

இங்கேதான் நம் மன்னார்க் கடல் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்போர் கரை சேர்த்த சிப்பிகள் கொட்டு எனப்பட்ட அடைப்பினுள் கொண்டுவரப்பட்டன. அவற்றைக் குளிப்போரே மூன்று குவியலாகப் பிரித்தனர். பின் அரசின் அலுவலர் அவற்றுள் இரண்டைச் சுட்டி எடுத்தார். எஞ்சிய ஒன்று குளித்தோருக்கு. எக்குவியல் தமக்கு வரும் என்பது பிரிப்போருக்குத் தெரியாது. ஆதலின் மூன்றும் சமமாயின. 1906 ஆம் ஆண்டுக் குளிப்பில் அவ்வாறு அலுவல் பார்த்தவருள் ஒருவர், பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனார்ட் வூல்ப். 1905 இற் கடல் வாரி வழங்கியபோது அரசுக்குச் சேர்ந்த வருவாய் சுமார் 25 இலட்சம் ரூபா. அவ்வாண்டின் வளம் குளித்தோர் குவியலிலும் விளங்கியது. அதற்கு எவரிடமும் முறையிட வேண்டியிருக்கவில்லை.

குளிப்போர் வாழ்வு இன்பமயம் என்று நான் கூறவில்லை. மூச்சடக்கிக் கல்லைப் பற்றிக் கடலாழம் இறங்கினவனுக்குச் சுறாவும் நோயும் உடனிருந்தன. முத்தில்லாச் சிப்பி வந்தால் நட்டமும் அவனதே. மூன்றில் ஒன்று போதுமா என்பதும் தனிக் கேள்வி. நான் சுட்டுவது ஒன்றே: நட்டத்தில் பங்கேற்றவன் இலாபத்திலும் பங்கேற்றான், அப்பங்கு கடலில் இறங்குமுன்னரே அறியப்பட்டிருந்தது. இன்றைய ஒப்பந்தத்தில் முதற்பாதி இருக்கிறது. இரண்டாம் பாதி இல்லை.

மற்றொரு நெறியும் அங்கே இருந்தது. முத்துப் பாருகளை ஆண்டுதோறும் கொள்ளையிடும் வழக்கம் இருக்கவில்லை. ஆய்வாளர் சிப்பிகளை எடுத்துப் பார்த்து, முதிர்ந்திருந்தாலன்றிக் குளிப்புக்கு இசையார். 1892 தொடங்கி 1902 வரை குளிப்பே நிகழவில்லை. பின்பு 1906 இற் பாருகள் ஒரு கம்பனிக்கு இருபதாண்டுக் குத்தகையாக விடப்பட்டன. 1907 ஆம் ஆண்டுக் குளிப்பின் பின் அவை வறண்டு, பழைய வளம் மீளவேயில்லை. சிப்பிகள் இயற்கையாலும் மறைவதுண்டாதலின் கம்பனியையே குற்றவாளியாக்குதல் நேர்மையன்று. ஆயினும் விளைவதற்கு ஓய்வு வேண்டும் என்பதைப் பாருக்கு அறிந்த நாம் மனிதனுக்கு மறக்கலாமா?

இந்நாளில் இஃது இயலுமா என்று ஐயுறுவோருக்கு அமெரிக்காவின் டெல்ரா நிறுவனம் விடையாகும். அங்கு இலாபப் பங்கீடு சூத்திரமாகவே எழுதப்பட்டுள்ளது. 2023 ஆம் ஆண்டு இலாபத்துக்காக மறு பெப்ரவரியில் 140 கோடி டொலர் ஊழியருக்குப் பகிரப்பட்டது. விமானியோடு பொதி சுமப்போரும் அதிற் பங்குற்றனர். 2023 இல் அந்நிறுவன விமானிகள் நான்காண்டில் 34 விழுக்காட்டு உயர்வுடைய ஒப்பந்தமும் பெற்றனர். நிறுவனம் அதனால் வீழ்ந்துவிடவில்லை.

நம் நாட்டின் நிலை வேறு. ஸ்ரீலங்கன் நிறுவனம் பல்லாண்டுகள் நட்டத்திற் கிடந்தது. அங்கே பகிர்வதற்கு இலாபம் எங்கே என்று கேட்டல் நியாயமே. எனினும் 2022 இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்து, 2023 சனவரியில் வருமான வரி 36 விழுக்காடு வரை ஏறியபின், தேர்ந்த விமானிகள் பலர் வேற்றுநாட்டு நிறுவனங்களுக்குச் சென்றனர். சம்பளத்தை மட்டுமன்றி நம்பிக்கையையும் இழந்தவன் நாட்டில் நிற்பதில்லை. வைத்தியரும் ஆசிரியரும் சென்ற வழியும் அதுவே அன்றோ?

அரசனின் கடமையைக் கூறவந்த வள்ளுவர், பொருள் வரும் வழிகளை உண்டாக்கலையும் சேர்த்தலையும் காத்தலையும் சொல்லி அமையவில்லை. பகுத்தளித்தலையும் நான்காவதாக வைத்தார். முதல் மூன்றிலும் இன்றைய நிறுவனங்கள் வல்லன. நான்காவதையோ கருணைக்குரிய கொடையாகக் கருதுகின்றன. அது கொடையன்று, கணக்கு. நட்டத்தில் எத்தனை விழுக்காடு குறையுமென்று எழுதும் பேனா, இலாபத்தில் எத்தனை விழுக்காடு கூடுமென்றும் அதே ஏட்டில் எழுதுக. விலகுவோனுக்கு ஓராண்டுக் கட்டு உண்டாயின், நிபந்தனையை மாற்றுவோருக்கும் ஓராண்டுக் கட்டு இருக்கட்டும். ஓய்வைச் செலவுப் பத்தியிலிருந்து எடுத்துப் பாதுகாப்புப் பத்தியிற் சேர்க்க. இவை விமானிக்கு மட்டும் உரிய கோரிக்கைகள் அல்ல. வங்கி எழுதுவினைஞருக்கும் ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் பொருந்துவன. மூன்று குவியலைக் கண்முன் வைத்துப் பிரிக்க அன்று கடற்கரை மணலே போதுமாயிருந்தது; கணிப்பொறி வைத்துக் கணக்கெழுதும் நமக்கு அது அரிதாகாது.