மேரி என்று பொய் சொன்ன ரோசினா

அவள் பெயர் ரோசினா ட சில்வா. லண்டன் நகரத்து யூதப் பெண். நன்றாகப் படித்தவள். செல்லமாக வளர்ந்தவள்.

ஒரு நாள் அவளுடைய தந்தை கொலை செய்யப்பட்டார். வீட்டில் கடன்தான் மிச்சம். "வயதில் மூத்த பணக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கட்டிக்கொள். குடும்பம் பிழைக்கும்" என்றார்கள்.

ரோசினா மறுத்துவிட்டாள். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறேன் என்றாள்.

வேலைக்குப் போக அறிவு இருந்தது. பெயர்தான் இடித்தது! ஆகவே பெயரை மாற்றிக்கொண்டாள். ரோசினா ட சில்வா "மேரி பிளாக்சர்ச்" ஆனாள். யூதப் பெண் கிறிஸ்தவப் பெண் ஆனாள். கறுத்த கூந்தலைப் பார்த்து யாராவது கேட்டால் என்ன செய்வது? இத்தாலிய ரத்தம் கொஞ்சம் உண்டு என்று சொல்லிக்கொண்டாள்.

ஸ்காட்லாந்து நாட்டின் ஸ்கை தீவில் ஒரு பெரிய மாளிகை. அங்குள்ள சிறுமிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வீட்டு ஆசிரியை வேலை கிடைத்தது.

இது 1998-ல் வெளிவந்த "தி கவர்னஸ்" என்ற ஆங்கிலப் படத்தின் கதை. கதை நடப்பது 1830, 1840-களை ஒட்டிய காலத்தில். மின்னி டிரைவர் ரோசினாவாக நடித்தார். கதையை எழுதி டைரக்ட் செய்தவர் சாண்ட்ரா கோல்ட்பாக்கர். அவருடைய தந்தை இத்தாலிய யூதர். தாயாருக்குச் சொந்த ஊர் அதே ஸ்கை தீவு! அப்பாவின் குலத்தையும் அம்மாவின் ஊரையும் சேர்த்து மகள் கதை பின்னிவிட்டார்.

படத்தில் காதல் காட்சிகள் அதிகம். பெரியவர்கள் மட்டும் பார்க்கத்தக்க படம். இதைக் காதல் படம் என்றே பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. காதலைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் இந்தப் படத்தின் சாரம் தெரியும்.

உப்புத் தண்ணீர்

மாளிகையின் எஜமான் சார்லஸ் கேவண்டிஷ் ஓர் ஆராய்ச்சிக்காரர். (நடித்தவர் டாம் வில்கின்சன்.) போட்டோ எடுக்கும் கலை அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. காகிதத்தில் உருவம் விழும். ஆனால் நிற்காது. வெளிச்சம் பட்டதும் காகிதம் முழுதும் கறுத்து, உருவம் மறைந்துபோகும். அதை எப்படி நிறுத்துவது? கேவண்டிஷ் இரவு பகலாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ரோசினா அவருக்கு உதவியாளர் ஆனாள்.

அப்போது யூதர்களின் பஸ்கா பண்டிகை வந்தது. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர்கள் விடுதலை பெற்றதை நினைத்துக் கொண்டாடும் பண்டிகை அது. புளிக்காத மாவில் சுட்ட அப்பம் வைப்பார்கள். கசப்புக் கீரை வைப்பார்கள். ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் வைப்பார்கள். அது முன்னோர்கள் வடித்த கண்ணீருக்கு அடையாளம். வீட்டின் கடைக்குட்டி கேள்வி கேட்க, பெரியவர்கள் கதை சொல்வார்கள். குடும்பமே கூடியிருக்க வேண்டிய இரவு.

ரோசினாவோ அறைக்குள் தன்னந்தனியாக அந்தப் பண்டிகையைக் கொண்டாடுகிறாள். யாருக்கும் தெரியக்கூடாது. சத்தம் வெளியே கேட்கக்கூடாது. படத்திலேயே சிறந்த காட்சி இதுதான்.

அப்போது உப்புத் தண்ணீர் ஒரு போட்டோ காகிதத்தின் மேல் கொட்டிவிடுகிறது. அந்தப் படம் அழியவில்லை! உப்புத் தண்ணீர் உருவத்தைப் பிடித்து நிறுத்திவிட்டது. கேவண்டிஷ் தேடிய ரகசியம் கிடைத்துவிட்டது.

இது முழுக்கக் கற்பனை அல்ல. உண்மையிலேயே 1835-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கிலாந்தைச் சேர்ந்த டால்பட் என்ற விஞ்ஞானி, கெட்டியான உப்புக் கரைசலைக் கொண்டு உருவத்தை நிறுத்தினார். அதைவிட நல்ல முறையை 1839-ல் அவருக்குச் சொன்னவர் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி. ஆகவே, "உப்பைக் கண்டுபிடித்தவள் ஒரு யூதப் பெண்" என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதிவிடக்கூடாது. கதைக்காகச் செய்த மாற்றம் அது.

யார் சொன்னது பெரிய பொய்?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பார்கள். கேவண்டிஷ் நினைக்கவில்லை. வந்த விஞ்ஞானியிடம் தாமே எல்லாவற்றையும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டார்.

கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. "நான்தான் கண்டுபிடித்தேன்" என்று அவள் உலகத்தின் முன் எப்படிச் சொல்வாள்? "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்பார்கள். "உன் அறையில் உப்புத் தண்ணீர் எதற்கு?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் மேரி போய்விடுவாள். வேலையும் போய்விடும். பதில் சொல்லாவிட்டால் கண்டுபிடிப்பு போய்விடும். பெயரை மறைத்தவளால் தன் உழைப்புக்குப் பெயர் கேட்க முடியவில்லை.

அவள் சொன்னதும் பொய். அவர் சொன்னதும் பொய். அவள் பொய்யால் யார் சொத்தும் குறையவில்லை. சிறுமிக்குப் பாடம் கிடைத்தது. லண்டனில் இருந்த குடும்பத்துக்குச் சோறு கிடைத்தது. அவர் பொய்யோ இன்னொருத்தியின் உழைப்பைத் தின்றது. ஆனால் அகப்பட்டால் வெட்கப்பட வேண்டியவள் அவள்! அவருக்கு விஞ்ஞானி என்ற பெயர்! ரோசினாவை ஏமாற்றுக்காரி என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

"இங்கிலாந்து சுதந்திர நாடு ஆயிற்றே, அங்கே ஏன் மறைக்கவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம்.

1290-ல் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தியது இங்கிலாந்து. 366 ஆண்டுகள் கழித்து, 1656-ல்தான், கிராம்வெல் காலத்தில் அவர்கள் வெளிப்படையாக வாழ இடம் கிடைத்தது. அதற்குப் பிறகும் கதவுகள் முழுவதும் திறக்கவில்லை. லயனல் ராத்சைல்ட் என்ற கோடீஸ்வரர் 1847-ல் லண்டனில் பார்லிமெண்டுக்கு ஜெயித்தார். கிறிஸ்தவன் என்ற முறையில் பிரமாணம் செய்தால்தான் உட்காரலாம் என்றார்கள். அவர் மறுத்தார். திரும்பத் திரும்பத் தேர்தலில் ஜெயித்தும், 1858-ல்தான் அவரால் உள்ளே உட்கார முடிந்தது. கோடீஸ்வரருக்கே 11 ஆண்டு! தகப்பனை இழந்த பெண்ணுக்கு எத்தனை ஆண்டு ஆகும்?

(சென்னைக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1688-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது, அதன் ஆல்டர்மேன்களில் யூத வியாபாரிகளும் இருந்தார்கள். வைரமும் பவளமும் விற்றவர்கள். சென்னையில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது.)

"ட சில்வா" என்ற குடும்பப் பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. அது போர்ச்சுகல் பெயர். 1497-ல் அந்த நாட்டு யூதர்கள் பலவந்தமாக மதம் மாற்றப்பட்டார்கள். வெளியே கிறிஸ்தவர்களாகவும் வீட்டுக்குள்ளே யூதர்களாகவும் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். இனி ஒளிய வேண்டாம் என்றுதான் அவர்களில் சிலர் லண்டனுக்கு வந்தார்கள். அப்படி வந்த குலத்துப் பெண், வயிற்றுப் பாட்டுக்காக மறுபடியும் ஒளிகிறாள். படம் இதை உரக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் சொல்லியிருக்கலாம். காதலுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைக் கொடுத்திருந்தால் போதும்.

வலியை அடக்கிய தாய்

ரோசினா கற்பனைப் பெண். உண்மையாகவே இப்படி வாழ்ந்த ஒருத்தி உண்டு. அவர் ஈடித் ஹான். வியன்னா நகரத்து யூதப் பெண். சட்டம் படித்தவர். ஹிட்லர் காலத்தில், 1942-ல், கிறிஸ்தவத் தோழி ஒருத்தி தன் அடையாளச் சீட்டுகளைக் கொடுத்தாள். அந்தத் தோழியின் பெயரிலேயே ஈடித் ஜெர்மனிக்குப் போனார். நாஜிக் கட்சிக்காரர் ஒருவர் அவரைக் காதலித்தார். "நான் யூதப் பெண்" என்று அவரிடம் மட்டும் ஈடித் உண்மையைச் சொன்னார். அவர் காட்டிக்கொடுக்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டார்.

1944-ல் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ வேதனையில் துடித்தபோதும் வலி தெரியாமலிருக்க மருந்து வேண்டாம் என்று ஈடித் சொல்லிவிட்டார். ஏன்? மயக்கத்தில் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டால்! போர் முடிந்ததும் சொந்தப் பெயரை வெளியே சொன்னார். நீதிபதியாகவும் வேலை பார்த்தார். பிற்பாடு இங்கிலாந்துக்குப் போனார். 1999-ல் தன் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். 2009-ல் காலமானார்.

ஈடித் மறைத்தது உயிருக்காக. ரோசினா மறைத்தது சம்பளத்துக்காக. இரண்டும் ஒன்றல்ல. ஈடித் பட்ட பாட்டின் பக்கத்தில் ரோசினாவின் பாடு சிறிதுதான். ஆனாலும் தூக்கத்தில்கூட வாயைக் கட்டிவைக்கும் பயம் இருவருக்கும் பொது.

ரோசினா கடைசியில் என்ன செய்தாள்? காட்டக்கூடாத கோலத்தில் கேவண்டிஷ் தூங்கும்போது எடுத்த போட்டோ ஒன்று அவளிடம் இருந்தது. அதை அவர் மனைவி கையிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். இந்தப் பழிவாங்கலை ஒப்புக்கொள்ள முடியாது. கணவன் செய்த குற்றத்துக்கு மனைவியின் முகத்தில் கரி பூசுவது என்ன நியாயம்?

அதற்குப் பிறகு செய்ததுதான் சரியான பதில். லண்டனுக்குத் திரும்பினாள். மேரி என்ற பெயரைத் தூக்கி எறிந்தாள். சொந்தமாகப் போட்டோ நிலையம் வைத்தாள். தன் குலத்து மக்களைப் படம் எடுத்தாள். பெயரும் புகழும் பெற்றாள்.

ஒரு நாள் கேவண்டிஷ் அங்கே வந்து நாற்காலியில் உட்காருகிறார். ரோசினா மற்ற வாடிக்கைக்காரர்களை எடுப்பதுபோலவே அவரையும் படம் எடுத்து அனுப்பிவிடுகிறாள்.