கோடை விடுமுறையில் தட்டச்சு



பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிந்ததும் சங்கரன்கோவில் பிள்ளைகளில் சிலர் விசைத்தறிப் பட்டறையில் வீட்டாருக்குக் கைகொடுக்கப் போகிறார்கள்; சிலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் படியேறுகிறார்கள். 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று தாள் தாளாக அடித்து, சுண்டுவிரல் வலிக்க வலிக்கப் பழகுவதைக் கம்ப்யூட்டர் காலத்தில் பலர் கேலி செய்கிறார்கள். கேலிக்குரிய விஷயமல்ல அது.

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை, வழக்கமாக பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், தட்டச்சுத் தேர்வு நடத்துகிறது. ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 சொல், சீனியருக்கு 45. மே மாதம் முழுக்க உட்கார்ந்தவர் ஆகஸ்டில் ஜூனியர் எழுதிவிடலாம். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பணிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சான்றிதழ் வேண்டும். ஒன்றிலாவது சீனியர் இருக்க வேண்டும். அந்தப் பணிக்குக் கல்வித்தகுதி பத்தாம் வகுப்புதான். 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 எழுதியவர்களில் பட்டதாரிகளும் ஏராளம். அந்தக் கூட்டத்தில் இந்தச் சான்றிதழ் இருப்பவருக்குத் தனிக் கதவு ஒன்று திறக்கிறது.

2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிகள் நிறைய. பத்தாம் வகுப்பு முடித்த தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக் கோடையில் என்ன இருக்கிறது? வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இலவசமாகவே போட்டித் தேர்வு வகுப்பு நடத்துகின்றன. ஆனால் அதற்காகத் தினமும் தென்காசிக்குப் பஸ் ஏற எல்லா வீட்டிலும் விடுவதில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமாவது சங்கரன்கோவில் நூலகத்திலோ அரசுப் பள்ளி ஒன்றிலோ அந்த வகுப்பை நடத்தவும், தட்டச்சுக் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கவும் மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

- ஒரு வாசகர், சங்கரன்கோவில்