இலத்தீன் வகுப்பறையின் கதவை மூடுவது யார்?

பிரான்சில் 'சிசியெம்' வகுப்பை முடிக்கவிருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் பாடசாலை ஒரு கேள்வியை முன்வைக்கிறது. அடுத்த ஆண்டு உங்கள் பிள்ளை இலத்தீன் படிக்க விரும்புகிறதா? லாச்சப்பலைச் சுற்றியுள்ள மாடிக் குடியிருப்புகளிலும், லா கூர்னெவ், சார்செல், பொண்டி எனத் தமிழர் பரந்து வாழும் புறநகர்களிலும் இக்கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது. "செத்த மொழி எதற்கு?" அத்துடன் விடயம் முடிந்துவிடுகிறது. கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாலை வகுப்புத் தேடி போபூர் சன் தெனி வீதியின் விளம்பரங்களை ஒன்றுவிடாமல் வாசிக்கும் அதே பெற்றோர், பாடசாலை இலவசமாகத் தரும் ஒரு பாடத்தை அரை நிமிடத்தில் அடித்துவிடுகின்றனர்.

இந்த அரை நிமிடத்தின் விலை என்ன என்பதை எமது சமூகம் இன்னமும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

கார் து நோரில் நான்காம் இலக்க மெத்ரோவில் ஏறினால் வண்டி மாறாமலே சன் மிஷேல் வந்துவிடும். அந்த வட்டாரத்தின் பெயரே இலத்தீன் வட்டாரம். மத்திய காலத்தில் அங்கு பேராசிரியரும் மாணவரும் இலத்தீனில் பேசியதால் வந்த பெயர் அது. லூயி லு கிரான், ஆன்றி காத்ர் ஆகிய பெயர்பெற்ற லிசேக்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பிரெஞ்சுக் குடும்பங்கள் இலத்தீனைச் செத்த மொழி என்று ஒதுக்குவதில்லை. மருத்துவரின் பிள்ளையும் நீதிபதியின் பிள்ளையும் அதைப் படிப்பது தற்செயலானதும் அன்று. வசதி படைத்தோரின் பிள்ளைகளே இலத்தீனை அதிகம் தெரிவு செய்கின்றனர் என்பது பிரான்சில் எல்லோரும் அறிந்த உண்மை. பிள்ளைகளைப் பிரித்துவைக்கும் சல்லடையாக அது பயன்படுகிறது என்ற குற்றச்சாட்டு வலுப்பெற்றதால்தான் 1968இல் கல்வி அமைச்சர் எட்கார் போர் அதைச் சிசியெம் வகுப்பிலிருந்து அகற்றினார். குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் தமிழ்ப் பிள்ளை ஒதுங்கிக்கொள்வதால் சல்லடை இல்லாமற் போய்விடாது. அதன் கீழே விழுவோரின் தொகைதான் ஒன்று கூடும்.

வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைக்குப் பிரெஞ்சின் ஒரு பாதி தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் கிடைத்துவிடுகிறது. மறு பாதி அங்கு கிடைப்பதில்லை. தண்ணீருக்கு 'ஓ' என்பது எல்லோருக்கும் தெரியும். நீர் சார்ந்தது 'அக்குவாத்திக்' ஆகிறது. கண் 'ஓய்' எனப்பட, கண் சார்ந்தது 'ஒக்குலேர்' எனப்படுகிறது. இரவு 'நுவி', இரவுக்குரியது 'நொக்துர்ன்'. பேச்சில் தேய்ந்த சொல் ஒரு வடிவிலும், ஏட்டில் நின்ற சொல் இலத்தீனின் வடிவிலும் இருப்பதே இதற்குக் காரணம். நூலகம் உள்ள வீட்டில் பிறந்த பிள்ளை இரண்டையும் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டு வளர்கிறது. உணவகச் சமையலறையில் இரவுவரை நிற்கும் தந்தையால் அதைக் கொடுக்க முடியாது. இலத்தீன் வகுப்பு கொடுக்கும். பிள்ளை மருத்துவராக வேண்டும், சட்டத்தரணியாக வேண்டும் என்று மாணிக்க விநாயகரிடம் நேர்த்தி வைப்போர், அவ்விரு துறைகளின் சொற்களும் எந்த மொழியிலிருந்து வந்தன என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும்.

பாடம் கடினம் என்பது அடுத்த மறுப்பு. யாருக்குக் கடினம்? இலத்தீனில் பிரெஞ்சுப் பிள்ளையை முதலில் தடுமாற வைப்பது வேற்றுமை. பிரெஞ்சில் பெயர்ச்சொல் உருபேற்று மாறுவதில்லை. தமிழ்ச்சோலையில் மரம், மரத்தை, மரத்தால், மரத்துக்கு என்று எட்டு வேற்றுமையையும் மனனம் செய்த பிள்ளைக்கு இலத்தீனின் ஆறு வேற்றுமைகள் என்ன பெரிய மலை? 'வந்தேன்' என்ற ஒரே சொல்லில் எழுவாயும் காலமும் அடங்குவதுபோல இலத்தீனின் 'வேனி'யிலும் அடங்குகின்றன. வினைமுற்றும் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதிக்கே வருகிறது. தமிழ்ப் பிள்ளை பிரெஞ்சுப் பிள்ளையை முந்தி நின்று தொடங்கக்கூடிய பாடங்கள் இந்நாட்டில் அதிகமில்லை. இருக்கும் ஒன்றைத்தான் பெற்றோர் அடித்துவிடுகின்றனர்.

மூன்றாவது மறுப்பு பெருமையின் பெயரால் வருகிறது. இலத்தீனுக்கு மூத்தது தமிழ், மூத்த மொழியை உடையவனுக்கு இளைய மொழி எதற்கு என்கின்றனர். இவ்வாறு முழங்குவோர் மேடையில் அடுத்ததாக எடுத்துக்காட்டுவது உரோமரின் வணிகத்தைத்தான். முசிறியைப் பற்றியும், ஆண்டுதோறும் இந்தியாவுக்குப் போன ஐந்து கோடி செசுடர்சுப் பணத்தைப் பற்றியும், இலங்கையிலிருந்து குளோடியசு பேரரசனிடம் சென்ற தூதுக்குழுவைப் பற்றியும் எழுதிவைத்தவர் பிளினி. எழுதிய மொழி இலத்தீன். தம் முன்னோரின் பெருமைக்கான சான்றையே மூன்றாங் கை மொழிபெயர்ப்பில் வாசித்துக் கைதட்டும் நிலைக்குப் பெருமை என்று பெயரிட முடியுமா?

தமிழியலின் வரலாறும் இதையே சொல்கிறது. சீகன்பால்கு 1716இல் ஆலே நகரில் அச்சிட்ட தமிழ் இலக்கணம் இலத்தீனில் எழுதப்பட்டது. வீரமாமுனிவர் செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் இலக்கணம் செய்ததும், திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் மொழிபெயர்த்ததும் இலத்தீனில்தான். ஊர்காவற்றுறை மண்ணில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் கொழும்பிலும் உரோமிலும் குருத்துவக் கல்வி பெற்றபோது கற்ற மொழி அது. தமிழ் இலக்கியத்தை அவர் முறையாகக் கற்றது அதன் பின்னரே. புரொயென்சா பாதிரியாரின் 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் தேடிக் கண்டு 1966இல் மறுபதிப்பாக்கியவரும் அவரே. அவர் முன்னின்று தொடங்கிய உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1970இல் இதே பரிஸ் நகரில் கூடியது. அன்று இந்நகரில் தமிழ்க் கடைத்தெரு இருக்கவில்லை. இன்று கடைத்தெரு இருக்கிறது. அந்தப் பழைய ஏடுகளை வாசிக்கக்கூடிய தமிழ் இளைஞர் எத்தனை பேர் இருக்கின்றனர்?

இவை அனைத்திலும் பெரிய விடயம் ஒன்று உண்டு. பிரெஞ்சு அரசு 1973 தொடக்கம் போர்த்துக்கல், இத்தாலி, துனீசியா, மொரோக்கோ, துருக்கி முதலிய நாடுகளுடன் ஒப்பந்தம் செய்து, குடியேறியோரின் மொழிகளைப் பாடசாலைகளில் கற்பிக்க வழிசெய்தது. ஆசிரியரை அனுப்பியதும் ஊதியம் கொடுத்ததும் அந்தந்த நாட்டு அரசுகள். ஒப்பமிடத் தமக்கென ஓர் அரசு இல்லாத ஈழத்தமிழரின் மொழிக்கு அந்த ஏற்பாட்டில் இடமிருக்கவில்லை. அரசு இல்லை, ஆதலால் பாடமும் இல்லை. அப்படியாயின் இலத்தீனுக்கு எந்த நாட்டுத் தூதரகம் ஒப்பமிட்டது? படையுமில்லை, பேசும் மக்களுமில்லை. ஆனாலும் அதன் ஆசிரியர்களுக்குப் பிரெஞ்சுக் குடியரசே ஊதியம் கொடுக்கிறது.

ஏனெனில் அதற்காகப் போராட ஆட்கள் இருக்கின்றனர். 2015இல் கல்வி அமைச்சர் நஜாத் வல்லோ பெல்காசெம் கொண்டுவந்த கொலேஜ் சீர்திருத்தம் இலத்தீனைச் சுருக்க முனைந்தபோது ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், பேராசிரியர்கள் கட்டுரை எழுதினர், பெற்றோர் கையொப்பமிட்டனர். 2017இல் புதிய அமைச்சர் அதை மீட்டார். 'சங்கியெம்' வகுப்பில் வாரம் ஒரு மணிநேரம், அடுத்த இரு வகுப்புகளில் மூன்று மணிநேரம் வரை. தமிழுக்கும் பக்கலோரியாத் தேர்வில் விருப்பமொழி என்ற இடம் நீண்டகாலம் இருந்தது. 2021இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்துடன் அந்த விருப்பத் தேர்வுகள் மறைந்தபோது, இலத்தீனுக்கு எழுந்த குரல் தமிழுக்கு எழவில்லை. பாடசாலைக் கூட்டத்தில் இல்லாத பெற்றோரின் குரல் அமைச்சில் எப்படிக் கேட்கும்?

கொலேஜில் இலத்தீன் மணிநேரத்தைப் பாடசாலைத் தலைவர் தம் கையிலுள்ள மேலதிக மணிநேரங்களிலிருந்தே ஒதுக்க வேண்டியுள்ளது. கேட்கும் குடும்பங்கள் குறைந்தால் அந்த மணிநேரம் வேறு தேவைக்குப் போய்விடும். எனவே ஒரு புறநகர்ப் பாடசாலையில் இருபது தமிழ்க் குடும்பங்கள் "வேண்டாம்" என்றால், படிக்க விரும்பும் இருபத்தோராவது பிள்ளைக்கும் வகுப்பு இல்லாமற் போகலாம். தேர்த் திருவிழாவுக்கு வீதிகளை நிரப்பவும், நினைவு நாட்களுக்கு மண்டபங்களை நிரப்பவும் வல்ல அமைப்புகள், வரும் இளவேனிலுக்கு முன் இந்த விருப்பப் பாடத்தை விளக்கும் ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் அச்சிட்டு லாச்சப்பலின் கடை மேசைகளில் வைக்கட்டும். அதே அறிக்கையின் மறுபக்கத்தில், தமிழைப் பாடசாலைப் பாடமாக்கக் கோரும் விண்ணப்பத்தையும் அச்சிடலாம்.