மூடிக்கு ஒரு மோட்டார்

உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியை ஒரு மோட்டார் திறந்து மூடினால் எப்படி இருக்கும்? பட்டனைத் தொட்டால் 'உய்ங்' என்று மூடி விலகும். கடுகை எடுத்ததும் மறுபடி 'உய்ங்'. முதல் வாரம் பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். மூன்றாவது வருடம் ஒரு நாள் மோட்டார் மக்கர் பண்ணும். அன்றைக்கு ரசத்துக்குத் தாளிக்க வேண்டுமானால் கம்பெனிக்கு போன் போட வேண்டும். "மேடம், மூடி மட்டும் தனியா வராது. பெட்டியோடதான் மாத்தணும்" என்பார்கள்.

சிரிக்கிறீர்கள் இல்லையா? இதையேதான் நாற்பது, அறுபது லட்ச ரூபாய் காரில் வைத்து விற்கிறார்கள். நாமும் ஷோரூமில் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறோம்.

மின்சாரக் காரில் சார்ஜ் போடும் இடத்தை மறைத்துக்கொண்டு ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெட்ரோல் கார்களில் இதற்கு இணையான மூடியை சாவி போட்டுத் திருகினோம். அப்புறம் சீட்டுக்குப் பக்கத்தில் லீவர் வந்தது, இழுத்தோம். அதன்பின் விரலால் அழுத்தினால் திறக்கும் மூடி வந்தது. மனித குலம் இத்துடன் நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. மூடிக்கு ஒரு மோட்டார், அதற்கு ஒரு கியர், அதற்கு ஒரு சென்சார், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு சாஃப்ட்வேர் என்று போய்விட்டார்கள்.

எல்லோரும் போகவில்லை என்பதுதான் விஷயம். 2010-ல் வந்த நிஸான் லீஃப் காரில் சார்ஜ் மூடி மூக்கில் இருந்தது. உள்ளே ஒரு லீவரை இழுத்தால் திறக்கும். 2020-ல் இந்தியாவுக்கு வந்த எம்.ஜி. இஸட்.எஸ். காரில் முன்பக்க லோகோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். கையால் திறக்க வேண்டியதுதான். யாருடைய கையும் தேய்ந்துபோனதாகத் தகவல் இல்லை.

சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கு வாருங்கள். 2019-ல் ஹூண்டாய் விற்பனைக்குக் கொண்டுவந்த கோனா மின்சாரக் கார் இங்கேதான் பூட்டப்பட்டது. முன்பக்கம் ஒரு மூடி, கையால் திறக்கலாம். 2023-ல் அதே கம்பெனியின் அயோனிக் 5 வந்தது. அதுவும் இங்கே பூட்டியதுதான். இதில் மூடிக்கு மோட்டார். நாலு வருட இடைவெளியில் சென்னைவாசிகளின் விரல்கள் பலவீனமாகிவிட்டனவா என்ன? ஜெர்மனியிலும் இதே கதைதான். ஒரே வோக்ஸ்வாகன் குழுமம். ஐ.டி.4 காரில் அழுத்தித் திறக்கும் மூடி. ஆடி இ-ட்ரானில் மோட்டார் மூடி. போர்ஷே டைக்கானில் பல நாடுகளில் மோட்டார் மூடியைத் தனிக் காசு வாங்கிக்கொண்டு ஆப்ஷனாகத் தந்தார்கள். ஆக, இது தொழில்நுட்பத்தின் கட்டாயம் கிடையாது. கார் எவ்வளவு விலை, வாங்குபவரை எவ்வளவு மயக்க வேண்டும் என்கிற கணக்கு.

"புதுசா எது வந்தாலும் எதிர்க்கிற ஆள் நீங்க. பவர் விண்டோ வந்தப்பவும் இப்படித்தானே சொன்னாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பவர் விண்டோவுக்கு ஒரு காரணம் இருந்தது. வண்டி ஓட்டுகிறவருக்கு இடது பக்கக் கண்ணாடி கைக்கு எட்டாது. மோட்டார் எட்ட வைத்தது. பின்கதவுக்கு மோட்டார் வைத்தால்கூட ஒப்புக்கொள்வேன். இரண்டு கையிலும் மளிகைப் பை இருக்கும், கதவு உயரம், எல்லோருக்கும் எட்டாது.

சார்ஜ் மூடி விஷயத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த மூடிக்கு முன்னால்தான்! சார்ஜிங் கன்னைக் கையில் எடுத்து, கனத்த கேபிளை இழுத்து, நீங்களேதான் சொருகப் போகிறீர்கள். அந்தக் கனத்த வேலைக்கு மோட்டார் கிடையாது. அதற்கு ஒரு நொடி முன்னால், விரல் நுனியால் செய்யக்கூடிய வேலைக்கு மட்டும் மோட்டார். இன்னொரு வேடிக்கை. பல கார்களில் மூடி ராஜ கம்பீரமாகத் திறந்த பிறகு உள்ளே டி.சி. சார்ஜிங் முனைகள் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். அதைக் கையால்தான் நீக்க வேண்டும். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்து, வாசலில் செருப்பை அவரையே எடுத்து வைக்கச் சொல்வது மாதிரி.

ஷோரூமில் பாதுகாப்பு என்று ஒரு காரணம் சொல்வார்கள். "ஹை வோல்டேஜ் சார், அதனாலதான் மூடிக்கு இத்தனை ஏற்பாடு." நம்பாதீர்கள். கன்னைச் சொருகி, காரும் சார்ஜரும் தங்களுக்குள் பேசி முடிக்கும் வரை அந்த முனைகளில் சார்ஜிங் மின்சாரம் பாயாது. பாதுகாப்பைத் தருவது இந்தப் பேச்சுவார்த்தை. இன்னொன்று, சார்ஜ் ஏறும்போது யாரும் கன்னைப் பிடுங்கிவிடாதபடி காருக்குள்ளிருந்து ஒரு பூட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பூட்டுக்கு மோட்டார் வேண்டும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. மூடியின் வேலை தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுப்பது. அதற்கு ஒரு ரப்பர் வளையமும் நல்ல கீலும் போதும்.

டெஸ்லா கதை இன்னும் ருசியானது. அந்த கம்பெனியின் சார்ஜிங் கேபிளில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் ரேடியோ சிக்னல் போய் மூடி தானாகத் திறக்கும். அந்த சிக்னலுக்கு ரகசியக் குறியீடு எதுவும் இல்லை, பொதுவான ஒன்று. 2022 வாக்கில் கையடக்க ரேடியோ கருவி வைத்திருந்த குறும்புக்காரர்கள் பலர், சாலையோரம் நின்ற யார் யாருடைய டெஸ்லாவின் மூடியையோ திறந்து வீடியோ எடுத்து மகிழ்ந்தார்கள். கார் திருடு போகாது, உண்மைதான். ஆனால் பூட்டிய காரின் மூடியை முன்பின் தெரியாதவன் தூரத்தில் நின்று திறக்கும் வசதி, லீவர் வைத்த மூடிக்கு வாய்த்ததில்லை.

குளிர் நாட்டுக்காரர்களின் அவஸ்தை வேறு. மழை பெய்து, அதன்மேல் உறைபனி பிடித்தால் மூடியின் விளிம்பில் மெல்லிசாகப் பனிக்கட்டி ஒட்டிக்கொள்ளும். கை மூடி என்றால் உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டினால் பனி உதிர்ந்துவிடும். மோட்டாருக்கு அந்த சாமர்த்தியம் கிடையாது. எதிர்ப்பு இருந்தால் நின்றுவிடு, விரல் நசுங்கிவிடும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளையாக நின்றுவிடும். நமக்குப் பனி இல்லை. ஆனால் கடற்கரையோர உப்புக் காற்று இருக்கிறது, சாலைப் புழுதி இருக்கிறது, வடகிழக்குப் பருவமழையில் வாரிப் பூசும் சேறு இருக்கிறது. கீலுக்கும் கியருக்கும் நடுவில் இவையெல்லாம் போய் உட்கார அதிக நாள் ஆகாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் வருடத்துக்கு 250 தடவை சார்ஜ் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் ஒரு திறப்பு, ஒரு மூடல். வருடத்துக்கு 500 அசைவு. நம் ஊரில் புதுக் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதற்குள் 7,500 அசைவு. பேட்டரிக்கு வழக்கமாக 8 வருட வாரண்டி தருகிறார்கள். அதைத்தான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மூடியின் மோட்டார் அந்த 8 வருடத்தில் வராது. அது வண்டியின் பொது வாரண்டி. பல கார்களுக்கு அது 3 வருடம்தான். அப்புறம் 12 வருடம், அந்த மோட்டாரின் ஆயுள் உங்கள் தலையெழுத்து.

காரை நீங்கள் ஐந்தாவது வருடம் விற்றுவிடலாம். அதை வாங்கும் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் யார்? கடன் வாங்கி, முதல் கார் என்று ஆசையாக வாங்கும் ஒரு குடும்பம். பத்தாவது வருடம், நெடுஞ்சாலையில், ராத்திரி பத்து மணிக்கு, 8 சதவிகித பேட்டரியோடு சார்ஜர் முன்னால் வந்து நிற்கிறார்கள். பேட்டரி நன்றாக இருக்கிறது. சார்ஜர் வேலை செய்கிறது. பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது. மூடி திறக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பலாமா, நெம்பினால் பெயின்ட் போகுமா, உள்ளே ஏதாவது உடையுமா? யாரைக் கேட்பது? எந்த மெக்கானிக் அந்த நேரத்தில் வருவார், வந்தாலும் அவருக்கு இது பழக்கமா? ஐநூறு கிலோமீட்டர் ஓடக்கூடிய காரை ஒரு பிளாஸ்டிக் மூடி நிறுத்தி வைத்திருக்கிறது. நான் கவலைப்படுவது இந்தக் குடும்பத்தைப் பற்றி. ஷோரூமில் 'உய்ங்' சத்தம் கேட்டுச் சொக்கிப்போனவரைப் பற்றி அல்ல.

கம்பெனிகளுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். பல டெஸ்லா மாடல்களில் கேபிள் சிக்கிக்கொண்டால் விடுவிக்க, டிக்கிக்குள் ஒரு அவசர இழுவை வைத்திருக்கிறார்கள். மின்சாரம் கைவிட்டால் கயிறுதான் கதி என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

மோட்டார் மூடிக்கு நல்ல பக்கமே இல்லையா? இருக்கிறது. மூட மறந்து வண்டியை எடுத்தால் சில கார்களில் அது தானே மூடிக்கொள்ளும். மறதிக்காரர்களுக்கு உபகாரம். விரல்களில் மூட்டுவலி உள்ளவர்களுக்கு, கை அசைவு குறைந்தவர்களுக்கு, பட்டனைத் தொட்டால் திறப்பது உண்மையிலேயே உதவி. அவர்கள் கேட்டால் கொடுங்கள், சந்தோஷமாகக் கொடுங்கள். ஆப்ஷனாக வையுங்கள். அவர்கள் பெயரைச் சொல்லி எல்லோர் தலையிலும் கட்டாதீர்கள். மறதிக்கு, மூடி திறந்திருந்தால் டாஷ்போர்டில் எரியும் ஒரு விளக்கு போதும். கை மூடியிலும் சென்ட்ரல் லாக்கோடு இணைந்த சின்ன மின்பூட்டு இருக்கலாம், மறுக்கவில்லை. கெட்டுப்போகக்கூடிய பாகங்கள் எத்தனை என்பதுதான் பேச்சு.

உலகம் மெதுவாகப் புத்தி தெளிந்து வருகிறது. யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தொட்டு இயக்கும் பட்டன், லீவர் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் புதைத்ததன் விளைவு. டெஸ்லா மாடல் ஒய் காரின் மின்சாரக் கைப்பிடிகள் வேலை செய்யாமல், உள்ளே இருந்த குழந்தைகளை வெளியே எடுக்க முடியவில்லை என்ற புகார்களின் பேரில், 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு விசாரணை தொடங்கியது. சுமார் 1,74,000 கார்கள் அந்த விசாரணைக்குள் வந்தன. மின்சாரக் கார்களின் சொர்க்கம் என்று சொல்லப்படும் சீனாவே, 2027 ஜனவரி 1 முதல் புது மாடல்களின் கதவுகளை மின்சாரம் இல்லாமலும் திறக்க முடிய வேண்டும் என்று விதி போட்டிருக்கிறது.

சார்ஜ் மூடி திறக்காமல் யாரும் செத்துவிடப் போவதில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இதற்கு யாரும் விதி போடப் போவதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

நம் ஊரில் கேட்பதற்கு ஒரு இடமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் அடக்கம். கம்பெனிகள் தங்கள் பொருளை எப்படிப் பழுது பார்ப்பது, உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று வாங்கியவருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். மூடியின் மோட்டாரும் உதிரிபாகம்தானே?

அடுத்த முறை ஷோரூமுக்குப் போகும்போது நாலு கேள்வி கேளுங்கள். மோட்டார் வேலை செய்யாவிட்டால் இந்த மூடியைக் கையால் எப்படித் திறப்பது? அதை எனக்கு இங்கேயே செய்து காட்ட முடியுமா? மோட்டார் மட்டும் தனியாகக் கிடைக்குமா, விலை என்ன? பத்து வருடம் கழித்தும் கிடைக்கும் என்று எழுதித் தருவீர்களா?

சேல்ஸ்மேன் திணறுவார். பாவம், அவர் மேல் தப்பில்லை. அவருக்கு 'உய்ங்' சத்தத்தை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டதை அவர் மேனேஜரிடம் சொல்வார், மேனேஜர் அதற்கும் மேலே சொல்வார். ஒருவர் கேட்டால் புகார். ஆயிரம் பேர் கேட்டால் அடுத்த மாடலில் ஒரு நல்ல கீல் வரும்.