வரிசையில் நிற்க முடியாதவர்கள்

புயலோ வெள்ளமோ வந்து ஓய்ந்ததும் நம் ஊரில் தர்மம் பெருக்கெடுத்து ஓடுகிறது. அரிசி, போர்வை, ரொட்டி எல்லாம் லாரியில் வந்து இறங்குகின்றன. "வரிசையாக நில்லுங்கள், எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும்" என்கிறார்கள். இந்தச் சமத்துவத்தின் மீதுதான் எனக்குக் கோபம்.

நிற்கக் கால் இல்லாதவனுக்கு வரிசை என்ன சமத்துவம்? ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டோம் என்கிறீர்களே, காது கேளாதவள் அதை எதனால் கேட்பாள்? முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு நாலைந்து படிகள். கழிப்பிடமோ சேற்றுக்கு அப்பால். சக்கர நாற்காலியில் இருப்பவர் அங்கே தண்ணீர் குடிக்கவும் அஞ்சுவார்.

"ஆபத்து நேரத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?" என்று கேட்கும் பெரியவர்களுக்குச் சொல்கிறேன்: அப்போது முடியாது என்பதால்தான் முன்கூட்டியே பார்த்துவைக்கச் சொல்கிறது சட்டம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 8-ஆம் பிரிவு: மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இவர்களுடைய விவரங்களுக்குப் பதிவேடு வைத்திருக்க வேண்டும், அபாயத்தை இவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடும் செய்ய வேண்டும். எந்த வீட்டில் யாரைத் தூக்கிவர வேண்டும் என்று தெரிந்தால் படகு அங்கே முதலில் போகுமே!

2011-இல் ஜப்பானில் சுனாமி. ஒத்திகைக்கும் ஒழுங்குக்கும் பேர்போன தேசம். அங்கேயே, பாதிக்கப்பட்ட கரையோர ஊர்களில் ஊனமுற்றோரின் மரண விகிதம் மற்றவர்களைப் போல் ஏறத்தாழ 2 மடங்கு. அலை ஆள் பார்த்து அடிக்கவில்லை. ஏற்பாடுதான் ஆள் பார்த்து மறந்தது.

இரக்கம் நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. நான் கேட்பது ஒரு மரச் சாய்தளம், பெரிய எழுத்தில் ஒரு பலகை, வீடு தேடிப் போக இரண்டு ஆட்கள். இவற்றைச் செய்யாமல் கொடுத்த அரிசி, ஓடிவர வல்லவனுக்குக் கொடுத்த பரிசு. அதற்கு நிவாரணம் என்று பெயர் வைக்காதீர்கள்.