கிலோ என்ன விலைன்னு கேட்டா விடை தப்பாத்தான் வரும்

வழக்கமா ஐடிஆர், பிஎஃப், டேர்ம் இன்ஷூரன்ஸ்னு பேசுற ஆள் நான். இன்னிக்கு காய்கறி. சிரிக்காதீங்க, காரணம் இருக்கு.

என்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப் முடிச்சுட்டு இப்போ சரவணம்பட்டியில ஒரு ஐடி கம்பெனியோட அக்கவுண்ட்ஸ் டீம்ல இருக்கிற தம்பி ஒருத்தர், நாலு மாசம் முன்னாடி ஆபீஸுக்கு வந்திருந்தார். கைக்கு வர்ற சம்பளம் 31,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 41,000 பாக்கி. மாசா மாசம் மினிமம் டியூ மட்டும் கட்டிக்கிட்டு இருக்கார். மாசம் 3.5% வட்டின்னா 1,435 ரூபாய். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி சேர்த்தா 1,693. (கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டுன்னே அவருக்கு அன்னைக்குத்தான் தெரியும். இத்தனைக்கும் அக்கவுண்ட்ஸ் டீம்!)

ரெண்டு பேரும் உட்கார்ந்து செலவுப் பட்டியல் போட்டோம். ரூம் வாடகை, பைக் டியூ, ஊருக்கு அனுப்புற பணம். எதுலயும் கை வைக்க முடியாது. காய்கறி, மளிகைங்கிற வரி மட்டும் கொஞ்சம் உப்பிப் போயிருந்தது. அங்கே குறைக்கலாமேன்னு சொன்னேன்.

"காய்கறியில என்னங்க சார் பெருசா மிச்சம் பண்ணிட முடியும்? அஞ்சு ரூபா, பத்து ரூபா."

நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்லை, ஏன்னா என் வீட்டுக் காய்கறிச் செலவு எவ்வளவுன்னு எனக்கே தெரியாது. ஊர்ல இருக்கிறவங்க பில்லையெல்லாம் டிக் அடிச்சு ஆடிட் பண்றேன், சொந்த வீட்டுக் கூடையை எட்டிப் பார்த்தது கிடையாது. சரி, மூணு மாசம் கணக்கு எழுதிப் பார்க்கிறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.

வீட்டில் நானும் மனைவியும் மட்டும். ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. பழம், பால் எல்லாம் விட்டுட்டு வெறும் காய்கறி மட்டும் எழுதினேன். ஒரு மாசம் ஒரே இடத்தில்தான் வாங்கணும்னு விதி. வாங்கினது எத்தனை கிலோ, அழுகியும் வாடியும் தூக்கிப் போட்டது எத்தனை கிலோ, ரெண்டையும் எடை போட்டோம். ரெண்டாவதுதான் முக்கியம்னு அப்போ எனக்குத் தெரியாது.

முதல் மாசம், பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு வர்ற ஆப். 14 ஆர்டர். 24 கிலோ காய், 1,560 ரூபாய். அதாவது சராசரியா கிலோ 65. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனா ஹேண்ட்லிங், டெலிவரின்னு வாங்குற கட்டணத்துக்கு 18% உண்டு. அதெல்லாம் சேர்த்து 252 ரூபாய். தூக்கிப் போட்டது 3 கிலோ. ஆக, சாப்பிட்டது 21 கிலோ, ஆன செலவு 1,812. வயித்துக்குள்ள போன காய் கிலோ 86 ரூபாய்.

இது போக, டெலிவரி இலவசம் ஆகணும்னு கூடையில் சேர்த்த சிப்ஸ், ஐஸ்கிரீம், சாக்லேட் எல்லாம் சேர்ந்து 1,130 ரூபாய். காய்கறிக் கணக்கில் இதைச் சேர்க்கக் கூடாதுன்னு மனைவி வாதாடினாங்க. சேர்க்கலை. தனியா எழுதி வச்சிருக்கேன், பின்னாடி வரும்.

ரெண்டாவது மாசம் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. இருக்கிறதிலேயே விலை குறைஞ்ச இடம் எதுவோ அங்கேயே போவோம்னு மேட்டுப்பாளையம் ரோடு மொத்த மார்க்கெட்டுக்குக் காரை எடுத்துட்டுக் கிளம்பினேன். நாங்க இருக்கிறது ஒண்டிப்புதூர் பக்கம், ஊரோட இன்னொரு கோடி. மாசத்தில் மூணு ட்ரிப். 36 கிலோ காய் வெறும் 1,152 ரூபாய்! கிலோ 32. ஆப் விலையில் பாதிகூட இல்லை. முதல் ட்ரிப் முடிச்சு டிக்கியைத் திறந்து காட்டினப்போ ஏதோ டென்டர் ஜெயிச்ச மாதிரி இருந்தது.

மொத்த மார்க்கெட்டில் அரைக் கிலோ, கால் கிலோன்னு கேட்க முடியாது. கேட்டாலும் ஒரு மாதிரி பார்ப்பாங்க. தக்காளி அஞ்சு கிலோ, கத்திரிக்காய் மூணு கிலோன்னு வந்தா ரெண்டு பேர் என்ன செய்றது? நாலாம் நாள் கத்திரிக்காய் சுருங்க ஆரம்பிச்சது. ஆறாம் நாள் தக்காளியிலிருந்து தண்ணி ஒழுகியது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம், தொக்கு போட்டோம். அப்படியும் மாசக் கடைசியில் குப்பைக்குப் போனது 13 கிலோ. பெட்ரோல், பார்க்கிங் 600 ரூபாய். மொத்தம் 1,752. சாப்பிட்டது 23 கிலோ. கிலோ 76 ரூபாய்.

32 ரூபாய்க்கு வாங்கின காய் எப்படி 76 ஆச்சுன்னு பார்த்துட்டு இருந்தப்போதான், இதை நான் ஏற்கெனவே படிச்சிருக்கேனேன்னு உறைச்சது. சிஏ இன்டர் காஸ்டிங் பேப்பர். ப்ராசஸ் காஸ்டிங்ல நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ்னு ரெண்டு வரும். நார்மல் லாஸ்ங்கிறது தவிர்க்கவே முடியாத நஷ்டம். பச்சைப் பட்டாணி ஒரு கிலோ வாங்கினா ஏறக்குறைய பாதி தோலாப் போகும், கீரையில் தண்டும் வேரும் போகும். அந்தச் செலவை மிஞ்சி நிக்கிற நல்ல சரக்கின் மேல ஏத்திடணும். அதனால பட்டாணி கிலோ 80ன்னா உங்க குருமாவில் விழுறது கிலோ 160 ரூபாய்ப் பட்டாணி. இது யாரோட தப்பும் இல்லை.

அப்நார்மல் லாஸ் வேற. அது நம்ம கவனக்குறைவால் வர்றது. அதை யார் தலையிலும் ஏத்தக் கூடாது, நேரா நஷ்டக் கணக்கில் தனியா எழுதணும். என் 13 கிலோ அதுதான். பரீட்சைக்கு இதை எழுதி மார்க்கும் வாங்கினவன், பத்து வருஷம் கழிச்சு ஃப்ரிட்ஜ் அடித்தட்டில் கறுத்துப் போன கொத்தமல்லியைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

அதனால என் கருத்து இதுதான்: எங்கே வாங்குறதுன்னு முடிவு பண்ண கிலோ விலையைப் பார்க்காதீங்க. அடுத்த ஏழு நாள்ல எத்தனை வேளை நிஜமா சமைக்கப் போறீங்கன்னு முதல்ல எண்ணுங்க. ஆசைப்படுற எண்ணிக்கை வேண்டாம். போன வாரம் எத்தனை வேளை சமைச்சீங்களோ அதே எண்ணிக்கை. எங்க வீட்டில் நான் பன்னெண்டுன்னு நினைச்சேன், உண்மையில் எட்டு. எட்டு வேளைக்குப் பன்னெண்டு வேளைக் காய் வாங்கினா எந்தச் சந்தையும் உங்களைக் காப்பாத்தாது.

மூணாவது மாசம் சிங்காநல்லூர் உழவர் சந்தை. ஞாயித்துக்கிழமை காலையில ஸ்கூட்டர்ல. 1999 நவம்பர் 14ஆம் தேதி மதுரை அண்ணா நகர்ல முதல் உழவர் சந்தை திறந்தாங்க. நம்மில் பல பேர் அதுக்கு அப்புறம்தான் ஸ்கூலுக்கே போனோம். ஆனா அது ஏதோ அப்பா அம்மா போற இடம்னு விட்டுட்டோம். அங்கே கடை போடுறவங்க அடையாள அட்டை வாங்கின விவசாயிகள். கடைக்கு வாடகை கிடையாது. அன்னன்னிக்கு விலையை முடிவு பண்ணி போர்டில் எழுதிடுவாங்க. மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே. பேரம் பேசத் தெரியாத என்னை மாதிரி ஆளுக்கு அந்த போர்டு பெரிய நிம்மதி. கால் கிலோ கேட்டாலும் முகம் சுளிக்காம போடுவாங்க.

இன்னொரு விஷயம் அங்கே போனாத்தான் புரியும். ஆப்பில் நாம தேடுறோம். "பீன்ஸ்"னு டைப் பண்றோம், விலை எதுவானாலும் பீன்ஸ் வருது. சந்தையில் எது குவிஞ்சு கிடக்கோ அதுதான் அன்னிக்கு மலிவு. சுரைக்காய் மலை மாதிரி கிடந்தா அந்த வாரம் சுரைக்காய்க் கூட்டு. மெனுவை மனசுல எழுதிட்டுப் போனா பணம் போகும், காலிப் பையோட போனா மிச்சம் ஆகும். 2023 ஜூலையில் தக்காளி விலை நூறைத் தாண்டினப்போ சென்னையில் ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு வித்தது ஞாபகம் இருக்கா? அப்பவும் வெள்ளைப் பூசணி மோர்க்குழம்புக்குத் தக்காளி தேவைப்படலை. நம்ம பாட்டிங்களுக்கு இது தெரியும். நமக்குத் தக்காளி இல்லாம அடுப்பே பத்தாது.

முதல் பாதி வாரத்துக்கு வெண்டை, கத்திரி. பின் பாதிக்கு பீட்ரூட், சேனை, பூசணி மாதிரி தாங்குற காய். தக்காளியில் பாதி பழம், பாதி செங்காய். வெங்காயம், உருளை வெளியிலேயே இருக்கட்டும், ஆனா ரெண்டையும் ஒரே கூடையில் போடாதீங்க. கீரை மட்டும் சந்தையில் வாங்கலை. அது புதன்கிழமை எங்க தெருவுக்கு வர்ற தள்ளுவண்டிக்கார அம்மாகிட்ட.

அந்த அம்மாவோட விலை சந்தையைவிட அதிகம்தான். ஆனா ரெண்டாவது வாரமே, நான் அவரைக்காயை எடுக்கப் போனப்போ, "அது வேண்டாங் கண்ணு, முத்திப் போச்சு, நாளைக்கு நல்லது கொண்டாறேன்"னு கையைத் தட்டி விட்டாங்க. அப்நார்மல் லாஸைத் தடுக்கிற இன்டர்னல் கன்ட்ரோல் இது. இதுக்குத் தனி கட்டணம் கிடையாது. போதாக்குறைக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு பச்சை மிளகாய் கொசுறு. அவங்ககிட்ட அஞ்சு ரூபாய்க்கு பேரம் பேசுறதை நான் நிறுத்திட்டேன். தருமம் எல்லாம் இல்லைங்க, எனக்கு லாபம்.

கணக்குக்கு வருவோம். சந்தையில் 20 கிலோ 800 ரூபாய். தள்ளுவண்டியில் 5 கிலோ 275. பெட்ரோல் 60. மொத்தம் 1,135. தூக்கிப் போட்டது ஒன்றரைக் கிலோ. சாப்பிட்டது இருபத்து மூன்றரைக் கிலோ. கிலோ 48 ரூபாய் 30 காசு.

ஆப் மாசத்தோட ஒப்பிட்டா காய்கறியில் 677 ரூபாய் மிச்சம். அந்த 1,130 ரூபாய் சிப்ஸ், ஐஸ்கிரீமும் வரலை. ஆக 1,807. ஆனா ஞாயித்துக்கிழமை சந்தை வாசல்ல டீயும் போண்டாவும் நாலு வாரத்துக்கு 240 ரூபாய். அதை மறைச்சா ஆடிட்டரே பொய்க் கணக்கு எழுதின மாதிரி ஆயிடும். நிகரம் 1,567.

இதை மாசா மாசம் எஸ்ஐபியில் போட்டு முப்பது வருஷத்தில் எத்தனை லட்சம்னு கிராஃப் காட்டுற வேலையை நான் செய்யப் போறதில்லை. எனக்கே அலுத்துப் போச்சு. இதுல மிச்சம் ஆன பணத்தில் பாதி, காயில் மிச்சம் ஆனதே இல்லைங்கிறதையும் கவனிங்க. ராத்திரி ஒன்பதரைக்குப் பசியோட போனைத் திறக்காததால் மிச்சம் ஆனது. பசிக்கும்போது வாங்குறவன் சரக்கு வாங்குறதில்லை, ஆறுதல் வாங்குறான்.

எல்லாருக்கும் இது ஒத்து வருமா? வராது. மெஸ்ஸில் சாப்பிட்டு வாரத்துக்கு ரெண்டு வேளை மட்டும் சமைக்கிறவங்களுக்குத் தள்ளுவண்டியே போதும். உடம்பு சரியில்லாதப்போ, மழை கொட்டுறப்போ, கைக்குழந்தை இருக்கிற வீட்டில், ஆப் நல்ல வசதி. அந்த வசதிக்கு ஒரு விலை இருக்கு, தெரிஞ்சே கொடுங்க. நைட் ஷிஃப்ட்காரங்க மட்டும் தயவுசெஞ்சு நேரமில்லைன்னு சொல்லாதீங்க. நீங்க கேப்ல வீடு திரும்புற விடியக்காலை நேரத்தில்தான் உழவர் சந்தையில் காய் பனியோட இருக்கும். மத்தவங்க அலாரம் வச்சு எழுந்திருக்கணும், உங்களுக்கு வழியில் இறங்கினா போதும். அன்னிக்கு விலை என்னன்னு முன்கூட்டியே பார்க்க அரசோட உழவன் ஆப் இருக்கு.

போன மாசம் மூணு தாளையும் தம்பிகிட்ட காட்டினேன். கடைசி வரியைப் பார்த்தார். 1,567. "சார், கார்டு வட்டியே 1,693. இது வட்டிக்குக்கூட பத்தலையே?"

பத்தாதுதான். அதனால ரெண்டு வேலை சேர்த்துச் செய்யச் சொன்னேன். முதல்ல பேங்கில் பேசி அந்த 41,000ஐ கார்டு வட்டியைவிடக் குறைஞ்ச வட்டிக்கு இஎம்ஐயா மாத்துறது. அடுத்து, காய்கறியில் மிச்சம் பிடிக்கிற தொகையைத் தவணையோட சேர்த்துக் கட்டுறது. வட்டியைக் குறைக்காம செலவை மட்டும் குறைச்சா ஓட்டை வாளியில் தண்ணி ஊத்துற கதை. செலவைக் குறைக்காம கடனை மட்டும் மாத்தினா ஆறு மாசத்தில் கார்டு மறுபடி நிறைஞ்சிடும். அந்த ரெண்டாவது கதையை என் க்ளையண்ட்ஸ்கிட்ட எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

இஎம்ஐயா மாத்திட்டார். போன ஞாயிறு ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையிலிருந்து போட்டோ அனுப்பினார். மலிவா இருந்துச்சுன்னு மூணு பெரிய சுரைக்காய் வாங்கியிருக்கார். சாயங்காலம் போன் வந்தது.

"சார், ரூம்ல ரெண்டு பேர் சுரைக்காயே சாப்பிட மாட்டாங்களாம். இதை எதுல எழுதுறது?"

அப்நார்மல் லாஸ்ல எழுதுப்பான்னேன்.