நிராகரிப்புச் சீட்டைக் கேட்டு வாங்குவோம்

பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார் ஒன்று புகைப் பரிசோதனையில் தேறாமற்போனால், அதன் உரிமையாளர் காதில் விழும் முதல் யோசனை, 'வேறு மையத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்பதுதான். அடுத்து வருவது, 'கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது. மாற்றிவிடலாம்' என்ற பணிமனைத் தீர்ப்பு. முதலாவது சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். இரண்டாவது பல்லாயிரம் ரூபாயை விழுங்கும். வண்டி எதனால் தோற்றது என்ற கேள்வி இரண்டிலும் எழுவதே இல்லை. அதற்கான விடையின் பெரும்பகுதி பரிசோதனை மையத்தின் கணினித் திரையிலேயே இருக்கிறது. அதை எழுத்தில் கேட்டுப் பெறும் வழியும் விதிகளில் உண்டு. அந்தத் தாள் கைக்கு வரும்வரை பழைய காருக்காக ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம் என்பதே நம் கருத்து.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூன் மாதம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, நாடு முழுவதற்கும் ஒரே வடிவிலான மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழைக் கொண்டுவந்தது. அதில் இடம்பெற்ற க்யூ.ஆர். குறியீடு பேசப்பட்ட அளவுக்கு, அதே அறிவிப்பில் வந்த நிராகரிப்புச் சீட்டு பேசப்படவில்லை. புகை அளவு வரம்பை மீறினால், காரணத்தைக் குறிப்பிட்டு உரிமையாளரிடம் தர வேண்டிய சீட்டு அது. அதைப் பணிமனையில் காட்டிப் பழுது பார்க்கலாம். மையத்தின் கருவிமீதே ஐயம் எழுந்தால், வேறு மையத்தில் மறுபரிசோதனைக்கும் கொண்டு செல்லலாம். ஆனால், 'ஃபெயில் சார்' என்ற இரண்டு சொற்களோடு வண்டியைத் திருப்பி அனுப்பும் மையங்கள் இன்றும் இருக்கின்றன. கேட்டால் தருவார்கள், கேட்பவர்கள் குறைவு.

சரி, சீட்டில் எதைப் பார்ப்பது? பாரத் ஸ்டேஜ் 4 தரத்தில் செய்யப்பட்ட பெட்ரோல் காரின் எஞ்சின், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில், கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம். அளவையும் தாண்டக் கூடாது. எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,500 சுற்றுகளுக்கு உயர்த்திச் செய்யும் அடுத்த சோதனையில், கார்பன் மோனாக்சைடு 0.2 விழுக்காட்டுக்குள்ளும் 'லாம்டா' என்ற எண் பொதுவாக 0.97-க்கும் 1.03-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். எஞ்சினுக்குள் சென்ற காற்றுக்கும், பெட்ரோல் முழுவதும் எரியத் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதமே லாம்டா. ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருந்தால் லாம்டா 1. அதற்குக் குறைந்தால் பெட்ரோல் மிகுதி. கூடினால் காற்று மிகுதி.

நோயைக் காட்டிக்கொடுப்பது இந்த எண்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நச்சு வாயுக்களை மாற்றுகிறதே தவிர, காற்றும் எரிபொருளும் கலந்த விகிதத்தை மாற்றுவதில்லை. எனவே லாம்டா 1-ஐ ஒட்டி இருந்தும், எஞ்சின் நன்கு சூடான பிறகும், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கன்வெர்ட்டர்மீது ஐயப்படலாம். லாம்டா 0.94 என்று நின்று கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது என்று பொருள். அந்த நிலையில் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

பெட்ரோல் மிகுதிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை விலை குறைந்தவை. உழைத்து ஓய்ந்த ஆக்சிஜன் சென்சார், சொட்டும் இன்ஜெக்டர், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் ஆகியவை எவரும் அறிந்தவை. அவ்வளவாகக் கவனிக்கப்படாதது தெர்மோஸ்டாட் வால்வு. கோடையில் எஞ்சின் கொதித்துவிடும் என்று அஞ்சி அந்த வால்வைக் கழற்றி எறிவது நம் நாட்டுப் பணிமனைகளில் நெடுநாள் வழக்கம். வால்வு இல்லாத எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டுவதில்லை. எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று கருதும் கணினி, கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். என்றோ செய்த 'மருத்துவம்' ஆண்டுகள் கழித்துப் புகைக் குழாயில் தெரிகிறது. இன்னொன்றும் உண்டு. சென்சாருக்கு முன்னால் புகைக் குழாய் இணைப்பில் நுண்ணிய கசிவு ஏற்பட்டால், வெளிக்காற்று உள்ளே புகும். காற்று அதிகம் என்று ஏமாறும் சென்சார், பெட்ரோலைக் கூட்டச் சொல்லும். ஒரு கேஸ்கட்டை மாற்றினால் தீரும் குறை இது.

ஹைட்ரோகார்பன் மட்டும் உயர்ந்து கார்பன் மோனாக்சைடு அடங்கியிருந்தால் கதை வேறு. எரியாத பெட்ரோல் அப்படியே வெளியேறுகிறது. தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான இக்னிஷன் காயில், காற்றுக் கசியும் ரப்பர் குழாய் ஆகியவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் தேன்கூட்டு அமைப்பையே உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசிய அந்த உறுப்பின் விலை உயர்வுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. புதிய கன்வெர்ட்டர் பொருத்திய காரும் மீண்டும் தோற்பதன் மர்மம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

எத்தனால் கலந்த பெட்ரோல்மீது பழி போடும் வழக்கமும் இப்போது பரவியுள்ளது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் குறித்த கவலையை நாம் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டது. அது கலவையில் காற்றின் பங்கைக் கூட்டும் பக்கமே சாய்கிறது. கார்பன் மோனாக்சைடு மிகுந்து தோற்ற காருக்கு எத்தனால் சாக்கு ஆகாது.

வண்டியில் கோளாறே இல்லாமலும் தோற்கலாம். பி.எஸ். 4 தரம் 2010 ஏப்ரலில் டில்லி, மும்பை, சென்னை, பெங்களூரு உள்ளிட்ட 13 நகரங்களில்தான் தொடங்கியது. நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில். இடைப்பட்ட ஆண்டுகளில் பி.எஸ். 3 கார்களும் பதிவாயின. அவற்றுக்கான வரம்பு கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 750 பி.பி.எம். மையத்தின் கணினியில் தரம் தவறாகப் பதிந்திருந்தால் நல்ல வண்டியும் தோற்றதாகிவிடும். பதிவுச் சான்றிதழைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் சோதிப்பதும் அநீதியே. கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். வீட்டுக்கு அடுத்த தெருவில் உள்ள மையத்துக்குச் செல்வதானாலும், இருபது நிமிடம் ஓட்டிவிட்டுச் செல்ல வேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பணம் கொடுத்தால் சான்றிதழ் கிடைக்கிறதே என்போர் உண்டு. கிடைக்கிறது என்பதை மறுக்க நம்மால் இயலாது. டில்லியில் 2015-க்கும் 2020-க்கும் இடையே வழங்கப்பட்ட சான்றிதழ்களை ஆராய்ந்த சி.ஏ.ஜி. அறிக்கை, 2025 ஏப்ரலில் அந்தச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வரம்பை மீறிய 1.08 லட்சம் பெட்ரோல், எரிவாயு வாகனங்களும் தேறியதாகப் பதிவாகியிருந்தன என்கிறது அது. அந்த வாகனங்களின் உரிமையாளர்கள் காற்றை மாசுபடுத்தியது ஒருபுறமிருக்க, தங்கள் பணத்தையும் எரித்துக்கொண்டிருந்தனர். மிகையாகச் செல்லும் பெட்ரோலுக்கு விலை கொடுப்பவர் உரிமையாளர்தாமே. சான்றிதழை வாங்கிவிடலாம், அந்தப் பெட்ரோல் செலவை நிறுத்த முடியாது.

சட்டத்தின் பக்கமும் அறிந்திருக்க வேண்டும். செல்லுபடியாகும் சான்றிதழ் இன்றி ஓட்டினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ரூ.10,000 வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதங்களுக்குப் பறிபோகலாம். அதே வேளையில், சான்றிதழ் இல்லையென்றால் விபத்து இழப்பீடே கிடைக்காது என்று பரவும் செய்தியை நம்ப வேண்டியதில்லை. இழப்பீட்டை மறுக்க அது தக்க காரணமாகாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்ட்டில் தெளிவுபடுத்தியுள்ளது.

பதினைந்து ஆண்டு முடியும் காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் ரூ.5,000 ஆக உயர்ந்தது. டில்லி தலைநகர் வட்டாரத்துக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. காரை வைத்திருப்பதா, விற்பதா என்ற முடிவை அந்த வேளையில் பலர் எடுக்கின்றனர். அதை ஒரு 'ஃபெயில்' என்ற சொல்லைக் கேட்டு எடுப்பது சரியன்று. சில ஆயிரம் ரூபாயில் தீரும் சென்சார் கோளாறுக்காக நல்ல எஞ்சினை இழப்பவர்களும் உண்டு. வால்வுகள் கருகி எண்ணெய் குடிக்கும் எஞ்சினுக்குப் புதுக் கன்வெர்ட்டர் வாங்கிப் பொருத்துபவர்களும் உண்டு. இரு சாராருக்கும் அந்தச் சீட்டு பயன்பட்டிருக்கும்.

பணிமனைகளிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். எந்த உறுப்பை மாற்றச் சொன்னாலும், எந்த எண்ணைக் கண்டு அப்படிச் சொல்கிறார் என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். 2013 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்களில் ஸ்கேனரை இணைத்தால், எந்தச் சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது, பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பன வரை பெரும்பாலும் தெரியும். வேலை முடிந்ததும் மறுபடியும் அளந்து, பழுதுக்கு முந்தைய அளவையும் பிந்தைய அளவையும் பில்லோடு இணைத்துத் தருவதாக ஒப்புக்கொள்ளும் பணிமனையிடம் மட்டுமே வண்டியின் சாவியைக் கொடுக்கலாம். சான்றிதழ் காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்பே பரிசோதித்துக்கொண்டால், இதற்கெல்லாம் நேரமும் இருக்கும்.